என் கல்யாணத்துக்கு வந்த பறக்கும் தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் தெருவில் கரன்ட் போய்விட்டது. திருநின்றவூரில் கரன்ட் போவது ஒரு செய்தியே இல்லை. எல்லாரும் மொட்டை மாடிக்கு ஏறி மின்சார இலாகாவைத் திட்டுவதும் செய்தி இல்லை. ஆனால், அன்றைக்கு வானத்தில் ஒரு வெளிச்சம்!

வட்டமாக, வெள்ளையாக... மேகத்தில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்ப் போய் வந்தது. ஏரிப் பக்கம் கொஞ்ச நேரம் நின்றது. மறுபடி கிளம்பியது. பக்கத்து மாடியில் நின்ற பேங்க்காரர், "சார், பறக்கும் தட்டு சார்!" என்று கத்திவிட்டு, புதிதாக வாங்கிய கேமராவை எடுத்துவரக் கீழே ஓடினார். திரும்பி வந்தவர் எங்கள் மாடிக்குத் தாண்டிக் குதித்து, கேமராவைக் கண்ணில் வைத்தார். உடனே என் மனைவி சரோஜா பாய்ந்து போய் லென்ஸை உள்ளங்கையால் பொத்திவிட்டாள்.

"அண்ணே, பாக்கறதுன்னா நல்லா பாத்துக்குங்க. போட்டோ மட்டும் வேணாம்."

"ஏம்மா? அது நம்மள என்ன பண்ணிடும்?"

"அது ஒண்ணும் பண்ணாதுண்ணே. அது பாட்டுக்கு வந்துட்டுப் போயிடும். அப்புறம் கவர்மென்ட்டு வரும் பாருங்க... அது போகவே போகாது."

பேங்க்காரர் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். மறுநாள் விஷயம் தெரிந்தது. ஆவடியில் பொருட்காட்சி போட்டிருக்கிறார்கள். கூட்டம் சேர்க்க வானத்தில் விளக்கு அடிக்கிறார்கள். அவ்வளவுதான். ஆனால், பேங்க்காரர் விடவில்லை. "உங்க வீட்டம்மா ஏன் சார் அப்படிப் பதறினாங்க?" என்று ரயிலில் ஆவடி வரும்வரை குடைந்தார். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக இந்தப் பத்தியில் நான் எழுதாத கதை இது. எழுதாததற்கு ஒரு காரணம் உண்டு. அது தானாக வரும்.

எண்பதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்போது அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. பெண் வீடு நூம்பலில். மாமனார் மாணிக்கம் எஸ்டேட் ஃபவுண்டரியில் இரும்பு உருக்கியே ஆயுளைக் கழித்தவர். ரிடையர் ஆனபோது கம்பெனி ஒரு சால்வையைப் போர்த்தியது. நுரையீரலுக்குள் போயிருந்த புகையையும் தூசியையும் மட்டும் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நாலு வார்த்தை பேசினால் நடுவில் இரண்டு தடவை மூச்சு இழுப்பார். ஆனால், அந்த நாலு வார்த்தையும் நக்கலாகத்தான் இருக்கும்.

கல்யாணத்துக்கு போட்டோ எடுத்தவர் காதர் பாய். கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஸ்டூடியோ. பூந்தமல்லி வட்டாரத்தில் யார் கல்யாண ஆல்பத்தைப் பிரித்தாலும் எல்லாரும் வானத்தில் காக்காய் பார்ப்பது போல நிற்பார்கள். பாய் எடுத்த படம் என்று கண்டுபிடித்துவிடலாம். "தாடையைத் தூக்கு... தாடையைத் தூக்கு..." இதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே போட்டோகிராஃபி.

காலையில் தாலி கட்டி, சாயங்காலம் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பும் நேரம். மழை வருகிறாற்போல வானம் கறுத்துக் கிடந்தது. வீட்டு வாசலில் நாற்காலி போட்டு மாமனாரை உட்காரவைத்தார்கள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சரோஜா. மாமனார் புது வேட்டி, புதுச் சட்டை. ஃபவுண்டரி பாஸுக்கு எடுத்ததைத் தவிர அவர் வாழ்க்கையில் கேமரா முன்னால் உட்கார்ந்ததே இல்லை. அந்தப் பாஸையும் ரிடையர் ஆனபோது பிடுங்கிக்கொண்டார்கள்.

"இன்னா பாய், மூஞ்சி நல்லா வுழுமா?"

"ராஜா கணக்கா வுழும் மாணிக்கண்ணே. கொஞ்சம் தாடையைத் தூக்கு."

"தூக்கறேன்... சீக்கிரம் எடு. நீ எடுக்கறதுக்குள்ள என்னைத் தூக்கிடப் போறானுங்கோ."

எல்லாரும் சிரித்தோம். பளிச்சென்று ஃபிளாஷ் அடித்தது. அந்தச் சிரிப்போடுதான் அவர் படத்தில் விழுந்தார் என்பது எங்களுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஏன் ரொம்ப நாள்? அதுதான் கதை.

அந்தப் படத்தைக் காதர் பாய் பெரிதாகப் பிரின்ட் போட்டார். ஷோகேஸில் வைக்க ஆசை. ஈரம் காயக் கொடியில் மாட்டியிருந்தபோது, பாஸ்போர்ட் சைஸ் எடுக்க ஒரு மாலைப் பத்திரிகை நிருபர் கடைக்குள் வந்தார். கொடியைப் பார்த்தார். எங்கள் தலைகளுக்கு மேலே, கறுத்த வானத்தின் மூலையில், வெள்ளையாக ஒரு வட்டு! முட்டை வடிவம். சுற்றிலும் மங்கலாக ஒளி. பின்னால் புகை மாதிரி ஒரு சின்ன வால்.

"பாய், இது பறக்கும் தட்டு!"

பாய் அப்புறம் என்னிடம் ரகசியமாகச் சொன்னார்: "தூசி வுழுந்திருக்கும்னு சொல்லத்தான் மாப்ளே வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள அந்த ஆளு, 'உங்க பேரும் கடை பேரும் போடறேன் பாய்'னுட்டான். தொறந்த வாயை மூடிகினேன். அதுவுமில்லாம, தூசி இம்மாம் லட்சணமாவா வுழும்?"

மறுநாள் சாயங்காலம் பேப்பரில் முதல் பக்கம். 'பூந்தமல்லி வானில் பறக்கும் தட்டு! கல்யாண வீட்டார் திகில்!' அதைப் படித்துத்தான் கல்யாண வீட்டாராகிய எங்களுக்கே திகில் தெரியும். பேப்பரில் தட்டு இருந்தது. என் தலையும் சரோஜா தலையும் பாதிப் பாதி இருந்தன. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் இல்லை. இடம் போதவில்லை போலிருக்கிறது.

மாமனார் பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கூப்புடாம வந்த தட்டைப் போட்டுகிறான். பொண்ணைப் பெத்தவனை வுட்டுட்டானே!"

"அசல் படம் வரும்பா," என்றாள் சரோஜா.

அசல் படம் வருவதற்கு முன்னால் ஜீப் வந்தது.

ஆவடிப் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே மைல் கணக்கில் ராணுவத் தொழிற்சாலைகளின் மதில் சுவர். சுவருக்குச் சுவர் 'உள்ளே பார்க்காதே, போட்டோ எடுக்காதே' என்று பலகை. நாங்கள் ரயிலில் போகும்போது அந்தப் பக்கம் கொட்டாவி விடவே யோசிப்போம். அப்பேர்ப்பட்ட இடத்துக்கு மேலே அனுமதிச் சீட்டு இல்லாமல் ஒன்று பறந்துவிட்டது என்றால் சும்மா விடுவார்களா?

விசாரணை அதிகாரியின் பெயர் தணிகாசலம். எந்த இலாகா என்று கடைசிவரை எங்களுக்குப் புரியவில்லை. கேட்டால், "மேலிடம்" என்பார். முதல் வேலையாகக் காதர் பாயின் கேமராவை எடுத்துக்கொண்டார். கொடியில் காய்ந்த பெரிய பிரின்ட்டை எடுத்துக்கொண்டார். எங்கள் கல்யாணத்து ஃபிலிம் ரோல் அத்தனையையும் ஒரு கவரில் போட்டு, அரக்கு உருக்கி சீல் வைத்தார். தாலி கட்டியது, மெட்டி போட்டது, பந்தியில் என் சித்தப்பா மூன்றாவது தடவை உட்கார்ந்தது... எல்லாம் தேசப் பாதுகாப்பு ஆகிவிட்டது.

பிறகு நூம்பலுக்கு வந்தார். நாங்களும் வரவழைக்கப்பட்டோம்.

"சம்பவம் நடந்தப்போ நீங்க எங்க இருந்தீங்க?"

"சம்பவத்துலயே இருந்தேன் சார். நான்தான் மாப்பிள்ளை."

"வானத்தைப் பார்த்தீங்களா?"

"இல்ல சார்."

"ஏன் பார்க்கலை?"

இதற்கு என்ன பதில் சொல்வது? புதுப் பெண்டாட்டி பக்கத்தில் நிற்கும்போது வானத்தைப் பார்க்கிறவன் கல்யாணமே செய்துகொள்ளத் தேவையில்லையே!

"ஏதாவது வித்தியாசமான சத்தம்?"

"பேண்டு செட்டு சார். அதுக்கு மேல தலையில ரயிலே வந்து இறங்கினாலும் கேட்டிருக்காது."

அடுத்து மாமனார். நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. தணிகாசலம் உட்காரச் சொல்லிக் கையமர்த்தினார். அந்த மனிதர் கெட்டவர் இல்லை. எதைப் பார்க்கச் சொல்லி அனுப்பினார்களோ அதை மட்டும் பார்க்கிறவர்... அவ்வளவுதான்.

"பெரியவரே, நீங்க ஏதாவது பார்த்தீங்களா?"

"பாத்தேன் சார். பாய் கையைத் தூக்கி ரெடின்னாரு. கண்ணை சிமிட்டாம அவரையே பாத்துகினு இருந்தேன்." மூச்சு வாங்கினார். "அந்த போட்டோ எப்ப சார் குடுப்பீங்கோ?"

"விசாரணை முடிஞ்சதும் கொடுப்போம்."

"எனக்கு முன்னாடி முடிஞ்சிருமா சார்?"

அதிகாரி வாசலில் நின்ற தென்னை மரத்தைப் பார்த்தார். தட்டு அந்த மரத்துக்கு மேலேதான் பறந்திருக்கிறது. எவ்வளவு பெரிய தட்டு, எவ்வளவு உயரம்? கண்டுபிடிக்க அவர் ஒரு விஞ்ஞான முறை வைத்திருந்தார். ஒரு கான்ஸ்டபிள் தட்டோடு தென்னை மரத்தில் ஏற வேண்டும். கீழேயிருந்து அதே கேமராவில் படம் எடுக்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

"சார், தட்டுக்கு எங்க போறது?" என்றார் கான்ஸ்டபிள். "உள்ள அந்தம்மா இருக்காங்க. அவங்களையும் விசாரிச்சுடலாங்களா?"

"லேடீஸை எதுக்குய்யா விசாரிச்சுக்கிட்டு? தட்டை மட்டும் கேட்டு வாங்கிட்டு வா!"

இந்த ஒரு வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இந்திய விசாரணை முறைகளைப் பற்றி நான் ஒரு புத்தகம் எழுதினால் அட்டையில் இதைத்தான் போடுவேன்.

உள்ளேயிருந்து என் மாமியார் வள்ளியம்மாள் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொடுத்தார். கல்யாணத்துக்கு வந்த தட்டு. கொடுத்தவர் பெயர் விளிம்பில் பொறித்திருந்தது. கான்ஸ்டபிள் அதை வாயில் கவ்விக்கொண்டு மரம் ஏறினார். மேலே ஒரு கையால் மரத்தையும் ஒரு கையால் தட்டையும் பிடித்துக்கொண்டு தொங்கினார். நூம்பலே திரண்டு வந்து அண்ணாந்து பார்த்தது. மாமனார் அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, சரோஜா வெந்நீர் கொண்டுவர ஓடினாள். போகும்போது அதிகாரி தட்டையும் எடுத்துக்கொண்டு போனார். சாட்சியமாம்!

அப்புறம் என் அலைச்சல் ஆரம்பித்தது. வாரம் தவறாமல் லீவு சொல்லிவிட்டு அவர் ஆபீஸுக்குப் போவேன்.

"சீல் வெச்சாச்சே தம்பி. உடைக்கணும்னா டெல்லி சொல்லணும்."

"டெல்லியில யார் சார்?"

"அதையும் டெல்லிதான் சொல்லணும்."

"அப்போ ஃபிலிமை யாருமே பார்க்கலையா சார்?"

"எப்படிப் பார்க்க முடியும்? அது சீல் வெச்ச சாட்சியம்!"

பிறகு எதை வைத்து ஆராய்ச்சி நடந்தது? பிரின்ட்டை வைத்து. அந்தப் பிரின்ட்டைப் படம் எடுத்து ஒரு காப்பி. அந்தக் காப்பியைப் படம் எடுத்து இன்னொரு காப்பி. அசல் பிரின்ட் டெல்லிக்குப் போய்விட்டது. ஒவ்வொரு காப்பிக்கும் தட்டு கொஞ்சம் பெருத்தது. மூன்றாவது காப்பியில் ஜன்னல் தெரிகிறது என்றார்கள். இன்னும் நாலு காப்பி எடுத்திருந்தால் கண்டக்டர் தெரிந்திருப்பார். அது வந்த திசையையும் கண்டுபிடித்துவிட்டார்கள். ஆவடியிலிருந்து பூந்தமல்லி நோக்கி! அந்த ரூட்டில் எங்களுக்கு பஸ் கிடைப்பதே பெரும்பாடு. எங்கிருந்தோ வந்தவனுக்கு நேராகக் கிடைத்திருக்கிறது.

காதர் பாய் பாடு இன்னும் மோசம். முகூர்த்த மாதத்தில் இரவல் கேமராவோடு திண்டாடினார். போதாததற்கு, வருகிற பார்ட்டி எல்லாம், "எங்க கல்யாணத்துலயும் அதே மாதிரி ஒண்ணு வுழுற மாதிரி எடு பாய்," என்று அடம்பிடித்தது. விழவில்லை என்றதும் வேறு ஸ்டூடியோவுக்குப் போனது.

ஒவ்வொரு வாரமும் நூம்பலுக்குப் போனால் மாமனார் என் கையைத்தான் முதலில் பார்ப்பார். கவர் ஏதாவது இருக்கிறதா என்று. இல்லை என்று தெரிந்ததும், "தட்டுக்காரன் சொகமா கீறானா மாப்ளே?" என்பார். கடைசியில் அதையும் கேட்பதை நிறுத்திவிட்டார். மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்தார்.

விசாரணை முடியவில்லை.

காரியத்துக்கு எல்லாம் வாங்கிவிட்டோம். மாலையும் வாங்கிவிட்டோம். எதற்குப் போடுவது? வீடு முழுக்கத் தேடியும் அந்த மனிதருக்கு ஒரு படம் இல்லை. கல்யாணத்தன்று கட்டிய வேட்டியையும் சட்டையையும் மடித்து நாற்காலியில் வைத்து, அதன்மேல் மாலை போட்டார்கள். ஊரே அந்தச் சட்டையைக் கும்பிட்டுவிட்டுப் போனது. சரோஜா அதுவரை அழுதுகொண்டிருந்தவள், அதைப் பார்த்ததும் அழுகையை நிறுத்திவிட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. கோபம் வந்தால் அவள் அழமாட்டாள்.

மறுநாளே அந்த ஆபீஸுக்குப் போனோம். நான், சரோஜா, மாமியார், துணைக்குக் காதர் பாய். தணிகாசலம் எங்களைப் பார்த்ததும் வழக்கம்போல, "டெல்லியிலிருந்து..." என்று ஆரம்பித்தார். மாமியாரின் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நாற்காலி போடச் சொன்னார். மாமியார் உட்காரவில்லை.

அவருடைய மேஜைக்குப் பின்னால் சுவரில் ஒரு பெரிய படம். சுவரில் பாதிக்கு இருக்கும். நடுவில் வெள்ளையாக அந்த வட்டு. அதைச் சுற்றி அம்புக்குறி, எண், கோடு.

"சார், இதான் அந்தப் படமா?" என்றார் மாமியார்.

"ஆமாம்மா. பெரிசு பண்ணியிருக்கோம்."

"இதுல எங்க ஊட்டுக்காரரு எங்க?"

தணிகாசலம் கொஞ்சம் தயங்கினார். "விசாரணைக்குத் தேவையில்லாத பகுதியை... எடுத்துட்டோம்மா."

எனக்கு ரத்தம் கொதித்தது. இன்றைக்கு எழுதும்போதும் கொதிக்கிறது. மேலே என்ன பறந்தது என்று பார்க்க ஜீப் உண்டு, அதிகாரி உண்டு, மரம் ஏற ஆள் உண்டு. கீழே ஒரு மனிதர் மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாரே... அவர் தேவையில்லாத பகுதி! அவரைக் கத்தரித்துப் போட்டுவிட்டு வானத்தில் ஆள் தேடுகிறார்கள்!

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் படத்துக்குப் பக்கத்தில் போய்விட்டார். ஓரம் ஓரமாக, மூலை மூலையாகத் தேடினார். அப்புறம் திரும்பியவர் அதிகாரியிடம் எதுவும் சொல்லவில்லை. நேராகக் காதர் பாயைப் பார்த்தார்.

"ஏன் பாய்... நான் வெச்சதை அழிச்சிட்டியா?"

"எதை யக்கா?"

"மையி."

"இன்னா மையி?"

"போட்டோ ஆயிடுச்சான்னு கேக்க உன் கடைக்கு வந்தேனே... நீ தொழுவப் பூட்ட. அந்தக் கருப்பு பிலிம்மு தொங்கிகினு இருந்துச்சு. மெயின் ரோட்டுல மாட்டப் போறேன்னு சொல்லிகினு இருந்தியே, பஸ்ஸுல போறவன் வரவன் கண்ணெல்லாம் இதுங்க மேல வுழுமேன்னு... மூஞ்சில வெச்சா படம் கெட்டுடும்னு, ஓரமா காலியா இருந்த எடத்துல, என் கண்ணு மையைத் தொட்டு ஒரு பொட்டு வெச்சேன். பேப்பர்ல வந்தப்பவே தேடுனேன். இல்ல. இம்மாம் பெரிசு பண்ணியும் இல்ல. நீ தொடச்சிட்ட பாய். அதான் கண்ணு பட்டு, சிரிச்சிகினு ஒக்காந்திருந்த மனுசன் எழுந்து பூட்டாரு."

இத்தனை நாளும் அந்த அம்மாள் இதை மனசுக்குள் வைத்து வெந்துகொண்டிருந்திருக்கிறார். எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

காதர் பாய் சுவரைப் பார்த்தார். மாமியாரைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். அவருடைய தாடை, யாரும் சொல்லாமலேயே, தானாகத் தூக்கிக்கொண்டது.

"யக்கா... உன் பொட்டு அழியல."

"அழியலையா? எங்க கீது?"

"அதோ. செவுத்துல மாட்டிகினு கீறாங்க பாரு."

"அது வெள்ளை பாய். நான் வெச்சது கருப்பு."

"பிலிம்முல உன் பொண்ணு மூஞ்சி எப்பிடி இருந்துச்சு?"

மாமியார் யோசித்தார். "கருப்பா... கரி பூசினாப்ல இருந்துச்சு. தலைமயிரு வெள்ளையா. பாக்கவே பயமா இருந்துச்சு."

"படத்துல?"

"வெள்ளையா..." மாமியார் நிறுத்தினார். மெதுவாகத் திரும்பி அந்த வட்டைப் பார்த்தார்.

"அதான் யக்கா. அதுல கருப்பா கீறதெல்லாம் இதுல வெள்ளையா வுழும். நீ வெச்ச மையிதான். விரலு இழுத்துகினு போனதுதான் அந்த வாலு."

தணிகாசலம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். "கதவைச் சாத்துய்யா," என்றார் கான்ஸ்டபிளிடம்.

பீரோவைத் திறந்து கவரை எடுத்தார். டெல்லி சொல்லாமல் உடைக்க முடியாத அந்த சீலைக் கட்டைவிரலால் உடைத்தார். ரோலைப் பிரித்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மூலையில் கடுகளவுக்கு ஒரு கறுப்பு. ஆள்காட்டி விரலால் லேசாகத் தொட்டார். விரலில் மை ஒட்டிக்கொண்டது. அதை எங்கே துடைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விரலை நீட்டிக்கொண்டே நின்றார். கடைசியில் கோப்பின் அட்டையில் துடைத்தார். ஆக, அந்தக் கோப்புக்கும் ஒரு பொட்டு!

"இதை வேற யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சார்," என்றேன்.

"டெல்லிக்கு ரிப்போர்ட் போயிடுச்சு. ஜன்னல் இருக்குன்னு வேற எழுதியாச்சு." அவர் குரலில் அதிகாரம் இல்லை. கிட்டத்தட்டக் கெஞ்சினார். "அம்மா... ரோல், கேமரா எல்லாத்தையும் இப்பவே எடுத்துக்கிட்டுப் போங்க. ஆனா இந்த மை விஷயம் வெளியில போகக் கூடாது. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க."

மாமியார் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"திருஷ்டிக்கு வெச்சதை எவளாச்சும் வெளில சொல்லுவாளா சார்? சொன்னா பலிக்காது. இன்னிக்கு என் வயித்தெரிச்சல்ல சொல்லிட்டேன்."

ரகசியக் காப்புப் பிரமாணம் இவ்வளவு சுலபமாக எந்த ஆபீஸிலும் நடந்திருக்காது. கதவு வரை வந்த மாமியார் திரும்பி நின்றார்.

"அப்பிடியே என் தட்டையும் குடுத்துடுங்கோ."

தணிகாசலம் தலையைக் குனிந்துகொண்டார். "அது... டெல்லிக்கு அனுப்பிட்டோம்மா."

ஆக மொத்தம், அந்த விவகாரத்தில் நிஜமாகவே ஒரு தட்டு பறந்திருக்கிறது. நூம்பலிலிருந்து டெல்லிக்கு. இன்னும் தரை இறங்கவில்லை.

அன்றைக்கே காதர் பாய் ஃபிலிமைப் பஞ்சால் பதமாகத் துடைத்து, படத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தார். வானம் வெறிச்சென்று இருந்தது. கீழே நான் காக்காய் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். சரோஜா தலை குனிந்திருக்கிறாள். நடுவில் மாமனார், தாடையைத் தூக்கிக்கொண்டு, தன்னைத் தூக்கிக்கொண்டு போகப் போகிறவர்களை நினைத்துத் தானே சிரித்துக்கொண்டு... பாய் சொன்ன மாதிரியே, ராஜா கணக்காக இருந்தார். சரோஜா அதைக் கையில் வாங்கிக்கொண்டு கடை வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். நானும்தான். பஸ்ஸில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்தான். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கொஞ்ச நாள் கழித்து அதே மாலைப் பத்திரிகையில், உள்பக்கத்தில், ஒரு துண்டுச் செய்தி வந்தது. 'பறந்த பொருள் இன்னதென்று அடையாளம் தெரியவில்லை. பொதுமக்கள் பீதி அடையத் தேவையில்லை.' எங்கோ ஒரு பீரோவில் அந்தக் கோப்பு இன்னும் இருக்கும். ஆராய்ச்சிக்காரர்கள் யாராவது என்றைக்காவது எடுத்துப் பார்த்துவிட்டு, 'மர்மம் நீடிக்கிறது' என்று எழுதுவார்கள். அட்டையில் இருக்கும் கறுப்புக் கறையை மட்டும் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.

படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. மாமியார் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் படத்தைத் துடைத்து, கண்ணாடியின் ஓரத்தில் ஒரு மைப் பொட்டு வைப்பார். வைத்துவிட்டு, "இது கருப்பாத்தானே தெரியுது மாப்ளே?" என்று என்னிடம் ஒருமுறை ஊர்ஜிதம் செய்துகொள்வார்.

தணிகாசலம் சார் ரிடையர் ஆகிவிட்டதாகக் கேள்வி. மாமியார்தான் மிச்சம். எழுதலாமா என்று கேட்டேன். முழுசாகப் படித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன். மாமனார் நக்கலடித்த இடங்களில் சிரித்தார். சட்டைக்கு மாலை போட்ட இடத்தில் எழுந்து உள்ளே போய்விட்டு வந்தார். கடைசியில், "இத்தினி பேரு படிக்கப் போறாங்களே மாப்ளே..." என்று இழுத்தார்.

"என்ன பண்ணணும் சொல்லுங்க."

"ஓரமா ஒண்ணு வெச்சிடு."

ஆசிரியர் அவர்களே... கீழே இருப்பது அச்சுப் பிழை அல்ல, எடுத்துவிடாதீர்கள். தப்பித் தவறி வெள்ளையாக அச்சாகிவிட்டால், தயவுசெய்து டெல்லிக்கு மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

●